உறைபனிக் காலத்தில் மூக்கும் சைனஸும்: ஊட்டி மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் கடைசியில் மழை ஓய்ந்து, காந்தலிலும் தலைக்குந்தாவிலும் விடிகாலைப் புல்வெளி வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்தால், எங்கள் கடையில் முதலில் தீர்ந்துபோவது மூக்கடைப்புச் சொட்டு மருந்துதான். வாங்க வருகிறவர்கள் சில்லறையை எடுத்து வைத்துக்கொண்டே ஏதாவது ஒரு சந்தேகம் கேட்பார்கள். பிப்ரவரி வரைக்கும் பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். மருந்தாளுநர் என்ற முறையில் நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். எந்த இடத்தில் என் பதில் போதாது, டாக்டரைத்தான் பார்க்கவேண்டும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

சைனஸ் என்பது நோயா?

இல்லை, உறுப்பு. எல்லோருக்கும் உண்டு. மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள் அவை. கன்னத்தில் ஒரு ஜோடி, நெற்றியில் ஒரு ஜோடி, இரண்டு கண்களுக்கும் நடுவே சின்னச் சின்ன அறைகளாக ஒரு தொகுதி, மூக்குக்குப் பின்னால் ஆழத்தில் ஒரு ஜோடி. இவற்றின் உள்தோல் நாள் முழுக்க மெல்லிய சளியைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அதன் மேலுள்ள நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து தடவையாவது அசைந்து, அந்தச் சளியை வாசலை நோக்கித் தள்ளுகின்றன. தூசியும் கிருமியும் அதோடு சேர்ந்து மூக்குக்கு வந்து, தொண்டை வழியாக வயிற்றுக்குப் போய்விடும். நமக்குத் தெரியவே தெரியாது.

சிக்கல் வருவது பெரும்பாலும் கன்ன அறையில். தண்ணீர்த் தொட்டிக்கு வெளியேறும் குழாயை அடியில் வைக்காமல் மேல் விளிம்பில் வைத்தது போல, அதன் வாசல் உயரத்தில் இருக்கிறது. அகலமும் சில மில்லிமீட்டர்தான். அதனால் சளி தானாக வடியாது, நுண்மயிர்கள்தான் மேலே ஏற்றித் தள்ளவேண்டும். வாசல் வீங்கி அடைபட்டாலோ, சளி கெட்டியானாலோ, நுண்மயிர்கள் சோர்ந்தாலோ உள்ளே தேங்கிவிடும். இனி சொல்லப்போகும் யோசனைகள் எல்லாமே இந்த மூன்றில் ஒன்றைச் சரிசெய்வதற்குத்தான்.

குளிரால்தானே இது வருகிறது?

பாதி உண்மை. விடிகாலை மூன்று நாலு டிகிரியில் நீங்கள் இழுக்கும் காற்றை, தொண்டைக்குப் போவதற்குள் மூக்கு முப்பது டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஈரமும் ஏற்றி அனுப்புகிறது. அதற்காக மூக்குக்குள் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீர் அதிகம் சுரக்கிறது. ஏரிப் பக்கம் காலை நடைப்பயிற்சி போகிறவர்களுக்கெல்லாம் மூக்கு ஒழுகுவது இதனால்தான். வீட்டுக்குள் வந்து கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால் அது நோயே இல்லை.

குளிர்ந்த, வறண்ட காற்று நுண்மயிர்களின் வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மை. சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ், உடம்பின் 37 டிகிரியைவிட மூக்கின் 33 டிகிரியில் நன்றாகப் பெருகும் என்பதும் உண்மை. ஆனால் வெறும் பனி மட்டும் சைனஸை நிரப்பிவிடாது. குளிருக்குப் பயந்து நாம் செய்யும் காரியங்கள் இருக்கின்றனவே, ஜன்னலைச் சாத்துவது, எல்லோரும் ஒரே அறையில் அடைவது, கரி மூட்டுவது, பரணிலிருந்து கம்பளியை உதறாமல் எடுத்துப் போர்த்துவது, இவற்றுக்குத்தான் நான் அதிகப் பழி சொல்வேன். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். ஊட்டிக்காரருக்கு அது ஒரு சுமாரான சாயங்காலம். அங்கேயும் மார்கழியில் பாதிப் பேருக்கு மூக்கடைப்பு இருக்கிறதே!

மப்ளர் கட்டினால் போதுமா?

கட்டுகிற விதத்தைப் பொறுத்தது. நம் ஊரில் மப்ளர் காதையும் தலையையும் பத்திரமாக மூடும், மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டினால் நீங்கள் விடும் மூச்சின் சூடும் ஈரமும் துணியில் தங்கி, அடுத்த மூச்சோடு திரும்ப உள்ளே போகும். சாதாரண முகக்கவசமும் இதே வேலையைச் செய்யும். காலை ஆறு மணிக்கு பைக்கில் போகிறவர்கள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள். பனி படர்ந்து தெரியவில்லை என்றால் கொஞ்சமாகத் திறந்துகொள்ளலாம்.

நெற்றி வலித்தால் அது சைனஸ் தலைவலிதானே?

பெரும்பாலும் இல்லை. கடையில் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள், ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது.

2004ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று சொல்லிக்கொண்ட, அல்லது அப்படி டாக்டர் சொன்ன ஏறத்தாழ 3000 பேரைப் பரிசோதித்ததில், 88 சதவீதம் பேருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை. மைக்ரேன் வரும்போது பலருக்கு மூக்கு அடைக்கும், கண்ணில் நீர் வரும், கன்னம் கனக்கும். அதனால்தான் இந்தக் குழப்பம். வானிலை மாறினாலும் மைக்ரேன் கிளம்பும், எனவே பனிக்காலத்தின் மேல் பழி போடுவது சுலபமாகிவிடுகிறது.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? வெளிச்சம் பார்த்தால் எரிச்சல், சத்தம் பிடிக்கவில்லை, குமட்டல், ஒரு பக்கம் துடிக்கிற வலி, இருட்டு அறையில் படுத்தால் தேவலை என்றால் மைக்ரேன் பக்கம் யோசியுங்கள். மூக்கிலிருந்தோ தொண்டைக்குப் பின்னாலோ கெட்டிச் சளி இறங்குகிறது, வாசனை தெரியவில்லை, குனிந்தால் கன்னம் கனக்கிறது என்றால் சைனஸ் பக்கம். மூக்கில் சளியே இல்லாமல் மாதாமாதம் தலை மட்டும் வலிக்கிறவர்கள், வருஷக்கணக்கில் சளி மாத்திரை வாங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சளி பச்சையாக வருகிறது. ஆன்டிபயாட்டிக் வேண்டாமா?

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கிருமியோடு போராட வரும் வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு நொதிதான் பச்சை நிறத்தைக் கொடுக்கிறது. வைரஸ் சளியிலும் மூன்றாம் நாள் நாலாம் நாள் பச்சையாகத்தான் வரும். சாதாரணச் சளியில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூட அது பாக்டீரியா சைனஸாக மாறுவதில்லை. மற்றவர்களுக்கு ஏழு முதல் பத்து நாளில் தானாகக் குறைந்துவிடும்.

டாக்டரிடம் போகவேண்டிய கட்டங்கள் மூன்று. பத்து நாளாகியும் துளிகூடக் குறையவில்லை. அல்லது, ஆரம்பத்திலிருந்தே 39 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் முகவலியும் சீழ் போன்ற சளியும் மூன்று நாலு நாள் சேர்ந்தே இருக்கின்றன. அல்லது, ஐந்தாறு நாளில் குறைந்து, "சரியாயிருச்சு" என்று நினைக்கும்போது திரும்பவும் காய்ச்சலோடு ஏறுகிறது. இந்த மூன்றாவதைத்தான் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பழைய சீட்டைக் காட்டி ஐந்து மாத்திரை மட்டும் கேட்பவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. அதனால் எனக்கு வியாபாரம் போகிறது, பரவாயில்லை.

மூக்குச் சொட்டு மருந்து போட்டால் உடனே திறக்கிறது. தினமும் போடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் என்ற பெயர் பாட்டிலில் இருக்கும். மூக்குக்குள் வீங்கியிருக்கும் ரத்தக் குழாய்களை இவை சுருக்கிவிடும். ஐந்து நிமிஷத்தில் மூச்சு சுகமாகப் போகும். நல்ல மருந்துதான், மூன்று நாளைக்கு, மிஞ்சிப்போனால் ஐந்து நாளைக்கு. அதற்கு மேல் போனால், மருந்தின் வேகம் குறையும்போது குழாய்கள் முன்பைவிட அதிகமாக வீங்கும். அடைப்பு திரும்ப வரும், திரும்பப் போடுவீர்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆகும். இப்போது உங்கள் மூக்கடைப்புக்குக் காரணம் குளிரும் இல்லை, சளியும் இல்லை, அந்த பாட்டில்தான்.

இப்படிப்பட்டவர்களை அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. சட்டைப் பையில் ஒன்று, வண்டியில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று என்று பாட்டில் வைத்திருப்பார்கள். கடை அடைக்கும் நேரத்தில் ஓடிவந்து வாங்குவார்கள். விடுபட வழி உண்டு: முதலில் ஒரு நாசியில் மட்டும் நிறுத்துவது, அது திறந்த பிறகு அடுத்ததை நிறுத்துவது. கூடவே டாக்டர் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுப்பார். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், இரவில் தலையணையை உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்த அழுத்தம், இதய நோய், கண் நீர் அழுத்தம் இருப்பவர்கள் கேட்காமல் இந்தச் சொட்டைப் போடவே வேண்டாம். பெரியவர்களுக்கான பாட்டிலைக் குழந்தைக்குப் போடுவதும் ஆபத்து.

ஸ்டீராய்டு ஸ்பிரே என்றாலே பயமாக இருக்கிறதே?

புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை மூக்கின் உள்தோலோடு நின்றுகொள்ளும், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. அலர்ஜியோடு வரும் நாள்பட்ட மூக்கடைப்புக்கு இவைதான் முதல் மருந்து. "ரெண்டு நாள் அடிச்சேன், ஒண்ணும் ஆகல" என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். இது சொட்டு மருந்து போல உடனே வேலை செய்யாது, முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

அடிக்கும் முறையில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். தலையை அண்ணாந்து வைக்காதீர்கள், லேசாகக் குனியுங்கள். வலது நாசிக்கு இடது கையால், இடது நாசிக்கு வலது கையால் பிடித்தால் முனை தானாகவே வெளிப்பக்கம், அதாவது கண்ணோரத்தைப் பார்க்கும். நடுத்தண்டின் மேல் அடித்தால் ரத்தம் கசியும். அடித்ததும் சர்ரென்று உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும், சாதாரணமாக மூச்சு விட்டால் போதும்.

நீலகிரித் தைலம் போட்டு ஆவி பிடிக்கலாமா? இது நம்ம ஊர் மருந்தாச்சே!

ஊர் நம்முடையது, மரம் ஆஸ்திரேலியாவினுடையது. நாம் கற்பூர மரம் என்று சொல்லும் யூக்கலிப்டஸை 1840களில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காக இங்கே கொண்டுவந்து நட்டார்கள். அதன் இலையைக் காய்ச்சி இறக்கும் தைலம்தான் சுற்றுலா வருகிறவர்கள் எல்லாம் பை நிறைய வாங்கிப் போவது.

ஆவி இதமாக இருக்கும், கெட்டிச் சளி கொஞ்சம் இளகும். நோயைச் சீக்கிரம் குணமாக்குகிறது என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. தைலத்தின் வாசனையும் பாம்களில் இருக்கும் மெந்தாலும் மூக்கிலுள்ள குளிர்ச்சி உணரும் நரம்பைத் தூண்டுவதால், மூச்சு தாராளமாகப் போகிற மாதிரி தோன்றும். அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியேதான் இருக்கும். அந்தத் தோற்றத்தில் இரண்டு மணி நேரம் தூக்கம் வந்தால் அதுவும் லாபம்தான், நான் குறை சொல்லமாட்டேன்.

நான் பயப்படுவது பாத்திரத்தைப் பார்த்து. கொதிக்கும் வெந்நீரை மடியிலோ கட்டிலிலோ வைத்துக்கொண்டு, தலைக்குமேல் போர்வையைப் போர்த்தி, பக்கத்தில் குழந்தையும் உட்கார்ந்திருந்தால் அது விபத்துக்குத் தயார். பாத்திரத்தை மேஜைமேல், சுவரோரம் தள்ளி வையுங்கள். அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு நிமிஷம் பொறுத்துப் பிடியுங்கள். தைலம் இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம், கண் எரியும். சிறு குழந்தைகளுக்கு ஆவியே வேண்டாம். வெந்நீர் போட்ட குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஈரமே போதும்.

இன்னொன்று: தைலத்தைக் குடிக்கவோ நாக்கில் தடவவோ கூடாது. ஒரு டீஸ்பூன் அளவே குழந்தைக்கு வலிப்பு வரவைக்கப் போதும். கற்பூரமும் அப்படித்தான். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் மூக்கில், நெஞ்சில் பாம் தடவாதீர்கள்.

சித்த மருத்துவத்தில் நெற்றிக்குப் பற்று போடச் சொல்கிறார்களே?

நீர்க்கோவை மாத்திரையை உரசி வெதுவெதுப்பாகப் போடுவார்கள். வெளிப்பூச்சுதான், நெற்றி கனம் கொஞ்சம் குறைந்தாற்போல இருக்கிறது என்பவர்கள் தாராளமாகப் போடலாம். தோல் எரிந்தால் கழுவிவிடுங்கள். பத்து நாள் கணக்கை மட்டும் மறக்கவேண்டாம்.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நல்லதா?

நல்லது. மருந்துக்கடைக்காரனாக இருந்துகொண்டு, கடையில் விற்காத பொருளைச் சிபாரிசு செய்கிறேன் பாருங்கள்! சளியை இளக்கி, தூசியையும் புகையையும் கழுவி, நுண்மயிர்களுக்கு வேலையைச் சுலபமாக்கும். யோகா வகுப்பில் ஜல நேதி கற்றவர்களுக்கு இது புதிதல்ல.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் விளையாடக் கூடாது. குழாய்த் தண்ணீர், ஓடைத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடாதீர்கள். மூளையைத் தின்னும் அமீபா என்று கேரளத்தில் 2024லும் 2025லும் பேசப்பட்டதே, அந்த வகை அமீபா மூக்கு வழியாகத்தான் உள்ளே போகும். குடித்தால் ஒன்றும் செய்யாது. அங்கே குளத்தில் குளித்தவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஆனால் 2011ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரில் மூக்கைக் கழுவிய இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள். அரிதிலும் அரிது. ஆனால் வந்தால் பிழைப்பது மிகக் கடினம், தடுப்பதோ வெகு சுலபம்: கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர்.

சமவெளியில் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே நாம் மூன்று நிமிஷம் கொதிக்கவிட வேண்டும். கொடைக்கானல்காரர்களுக்கும் இதே கணக்குதான். ஆர்.ஓ. தண்ணீர் என்றாலும் கொதிக்கவையுங்கள்.

அளவு: அரை லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் ஆப்பசோடா. ஆப்பசோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். உப்பே போடாத வெறும் தண்ணீர்தான் மண்டைக்குள் சுரீரென்று ஏறும். கை பொறுக்கும் வெதுவெதுப்பில், தொட்டியின் மேல் குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மேல் நாசியில் மெதுவாக ஊற்றுங்கள். கீழ் நாசி வழியாக வரும். முடிந்ததும் ஒவ்வொரு பக்கமாக மெல்லச் சிந்துங்கள். இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு பலமாகச் சிந்தினால் சளி சைனஸுக்குள்ளேயே திரும்பிப் போகும். கழுவிய உடனே பனியில் கிளம்பாதீர்கள், அரை மணி நேரம் வரைக்கும் குனியும்போது மிச்சத் தண்ணீர் ஒழுகும். காது வலி இருந்தாலோ மூக்கு முழுக்க அடைத்திருந்தாலோ அன்றைக்கு வேண்டாம். குவளையை ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவையுங்கள்.

ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறேன். காலை நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்தாக வேண்டும். என்ன செய்வது?

தலையில் ஊற்றும் தண்ணீர் சைனஸுக்குள் இறங்காது. "தலையில் நீர் கோத்துக்கொண்டது" என்று சொல்வது ஒரு பேச்சுதான். ஈரத் தலையோடு பனியில் நிற்பதால் முகமும் மூக்கும் குளிர்ந்து, ஏற்கெனவே அலர்ஜி இருப்பவருக்கு அடுக்குத் தும்மலும் அடைப்பும் வரும், அவ்வளவுதான். குளித்தவுடன் நன்றாகத் துவட்டி, தலை காயும் வரை வீட்டுக்குள்ளேயே சரணம் சொல்லுங்கள். கோவிலுக்குக் கிளம்பும்போது துண்டால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். வெந்நீரில் குளிக்கலாமா என்பதை உங்கள் குருசாமியிடம் கேளுங்கள். இந்த ஊரில் பல குருசாமிகள் சரி என்றுதான் சொல்கிறார்கள்.

பஜனை மடத்தில் ஊதுவத்தி, சாம்பிராணிப் புகைக்கு நேர் எதிரே உட்காராமல் கதவோரம் உட்காருவது, தண்ணீரைவிட முக்கியமான எச்சரிக்கை.

அறைக்குள் கரி மூட்டி வைத்தால் மூக்கு திறக்கிறதே?

சூட்டுக்குத் திறக்கும், புகைக்கு மறுபடி வீங்கும். சைனஸை விடுங்கள், உயிருக்கே ஆபத்து. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மலைக்குச் சுற்றுலா வந்த இடத்தில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி எழாமலே போனவர்களைப் பற்றிச் செய்திகள் வந்திருக்கின்றன. கரியைத் திறந்தவெளியில் மட்டும் மூட்டுங்கள்.

மின்சார ஹீட்டரில் அந்த ஆபத்து இல்லை, ஆனால் காற்று காய்ந்துபோகும். காலையில் மூக்கில் பொருக்குத் தட்டி, சிந்தினால் ரத்தக் கீற்று தெரிவது அதனால்தான். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டு, படுக்கும்போது அணைத்துவிட்டுக் கம்பளிக்குள் நுழைவது என் யோசனை. டொரன்டோவில் இருக்கும் மகனுக்கும் இதே பிரச்சினை என்று ஒரு அம்மா சொன்னார்கள். அங்கே குளிர்காலம் முழுக்க ஹீட்டிங் ஓடுவதால், வீட்டுக்குள் ஈரப்பதக் கருவி வைத்து 30 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். அந்தக் கருவியைக் கழுவாமல் விட்டால் பூஞ்சை பிடித்து அதுவே புது வில்லனாகிவிடும்.

கம்பளி போர்த்தினால் தும்மல் வருகிறது. கம்பளி அலர்ஜியா?

கம்பளிக்குள் குடியிருக்கும் தூசிப்பூச்சியாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதன் சாப்பாடு. நம் ஊரில் ஜூன் முதல் நவம்பர் வரை இரண்டு பருவமழையும் நனைத்துவிட்டுப் போவதால், பரணில் கிடக்கும் ரஜாயில் அது அமோகமாக வளர்ந்திருக்கும். எடுத்ததும் போர்த்தாதீர்கள். தலையணை உறை, விரிப்பு எல்லாவற்றையும் 55, 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். ரஜாயை ஜனவரி வெயிலில் இரண்டு மூன்று நாள் காயப்போட்டு அடித்து உதறுங்கள், உதறும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். பீரோவுக்குப் பின்னால் சுவரில் கரும்புள்ளி பூஞ்சை இருந்தால் அதையும் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

மலை இறங்கும்போது நெற்றியில் குத்துகிறது. ஏன்?

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் போவதற்குள் ஏறத்தாழ 1900 மீட்டர் இறங்குகிறீர்கள். கீழே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் கூடும். சைனஸ் வாசல் திறந்திருந்தால் உள்ளேயும் சமமாகிவிடும். அடைத்திருந்தால் உள்தோலை இழுத்துக் குத்தும். சளி இருக்கும் நாளில் இறங்கியே ஆகவேண்டும் என்றால், கிளம்புவதற்கு அரை மணி முன் அந்த மூக்குச் சொட்டு மருந்தை ஒரே ஒரு தடவை போட்டுக்கொள்வது நியாயம். விமானத்துக்கும் இதே முறைதான்.

ஒரு நேரம் வலது நாசி, ஒரு நேரம் இடது நாசி என்று மாறி மாறி அடைக்கிறதே?

அது இயல்பு. இரண்டு நாசிகளும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறை வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கின்றன. சரம், அதாவது மூச்சு எந்த நாசியில் ஓடுகிறது என்று பார்க்கிறவர்கள், இடகலை (இடது), பிங்கலை (வலது) என்று காலங்காலமாகக் கவனித்துவந்த விஷயம். ஐரோப்பிய மருத்துவத்தில் இதை 1895ல்தான் விவரித்தார்கள். சளி பிடித்திருக்கும்போது இந்த மாற்றம் பெரிதாகத் தெரியும்.

எப்போதும் ஒரே பக்கம் மட்டும் அடைத்திருந்தால் அது வேறு கதை, இ.என்.டி. டாக்டர் பார்க்கவேண்டும். அந்தப் பக்கம் நாற்றமடிக்கும் சளியும் வந்தால் பல் டாக்டரையும் பாருங்கள். மேல் கடைவாய்ப் பற்களின் வேர், கன்ன அறையின் தரைக்கு ஒட்டியே இருக்கிறது. வேரில் சீழ் வைத்தால் மேலே கசியும். பல்லைச் சரிசெய்யாமல் எத்தனை ஆன்டிபயாட்டிக் போட்டாலும் திரும்ப வரும். சின்னக் குழந்தைக்கு ஒரு பக்க நாற்றம் என்றால் பட்டாணியோ பென்சில் ரப்பரோ உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்!

பால், தயிர், வாழைப்பழம் நிறுத்தவேண்டுமா?

வேண்டாம். பால் சளியை அதிகமாக்குவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. தொண்டையில் கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும், அதைச் சளி என்று நினைக்கிறோம். சாப்பிட்டால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விடுங்கள். மிளகு ரசம் நல்லது, மூக்கை ஒழுகவைத்து அடைப்பை இளக்கும்.

சளி மாத்திரை ஒன்று கொடுங்கள் என்று கேட்டு வாங்குகிறோமே, அது சரியா?

அந்த ஒரு மாத்திரைக்குள் மூன்று நாலு மருந்து இருக்கும்: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், தும்மலுக்குத் தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமின் போன்ற ஒன்று, அடைப்புக்குப் பினைலெப்ரின். வாய்வழியாகச் சாப்பிடும் பினைலெப்ரின் மூக்கடைப்புக்கு வேலை செய்வதாகத் தெரியவில்லை என்று 2023ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழுவே சொல்லிவிட்டது. பினைலெப்ரினும் குளோர்பெனிரமினும் சேர்ந்த கூட்டு மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட நம் நாட்டிலும் அதே வருடம் டிசம்பரில் உத்தரவு வந்தது. காய்ச்சலும் வலியும் மட்டும் என்றால் பாராசிட்டமால் போதும். சளி மாத்திரையையும் தனிப் பாராசிட்டமாலையும் சேர்த்துப் போட்டு, தெரியாமல் பாராசிட்டமாலை இரட்டிப்பாக்கிவிடாதீர்கள். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் தூக்கம் வரவைக்கும் மருந்து கலந்ததைச் சாப்பிட்டுவிட்டு ஸ்டியரிங் பிடிக்கவே கூடாது.

எப்போது இதெல்லாம் எதுவும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்?

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, கண் துருத்திக்கொண்டு வருவது, கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு, நெற்றியில் மெத்தென்ற வீக்கம். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே, அந்த நேரமே.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் இன்னும் உஷார். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் கருப்புப் பூஞ்சையை அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது நினைவிருக்கும். கொரோனாவுக்கு முன்பும் அது இருந்தது, இப்போதும் இருக்கிறது. கன்னம் மரத்துப்போவது, மூக்கிலோ அண்ணத்திலோ கறுத்த பொருக்கு, ஒரு பக்க முகவலி, பல் ஆட்டம் என்றால் ஒரு இரவுகூடத் தாமதிக்காதீர்கள்.

மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். செய்தால் திரும்ப வராதா?

ஓரளவு வளைவு பெரும்பாலானவர்களுக்கு உண்டு. ஸ்கேனில் தெரிந்துவிட்டது என்பதற்காகச் செய்யவேண்டியதில்லை. பன்னிரண்டு வாரத்துக்கு மேல் தொந்தரவு, ஸ்பிரேயும் உப்புக் கழுவலும் ஒழுங்காகச் செய்தும் பலனில்லை, ஸ்கேனிலும் அடைப்பு தெரிகிறது என்றால் யோசிக்கலாம். இப்போது உள்நோக்கிக் கருவியை நாசி வழியாகவே விட்டு வாசலை அகலப்படுத்துகிறார்கள், வெளியே தழும்பு வராது. ஆனால் அலர்ஜி அலர்ஜியாகவே இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகும் ஸ்பிரேயும் கழுவலும் தொடரவேண்டும் என்று டாக்டர் சொன்னால், ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை.

வேலையை மாற்றிக்கொண்டு கோயம்புத்தூருக்கே போய்விடலாமா?

குளிர்க்காற்று மட்டுமே உங்களுக்குத் தூண்டுதல் என்றால் சுகம் தெரியும். தூசிப்பூச்சி என்றால் அது அங்கேயும் இருக்கிறது, போதாக்குறைக்கு ரோட்டோரப் பார்த்தீனியச் செடியும் போக்குவரத்துப் புகையும் சேர்ந்துகொள்ளும். மாற்றலுக்கு மனு எழுதுவதற்கு முன், ஜனவரியில் இரண்டு வாரம் அங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் பாருங்கள். தினமும் காலையில் எத்தனை தும்மல், எந்தப் பக்கம் அடைப்பு, வாசனை தெரிகிறதா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தலையணையைக் கொண்டுபோகாதீர்கள்.